ஏப்ரல் 1 அன்னிக்கு எல்லாரும் பூஜ்யம்

கும்பகோணம்,
ஞாயித்துக்கிழமை மத்தியானம்

அடி வாயாடி,

போன்ல பேசினா ஒண்ணு நீ அழுவே, இல்லே நான் கத்துவேன். ரெண்டுக்கும் எனக்கு இப்பத் தெம்பில்லை. அதான் கடுதாசி. இதுல நீ குறுக்கே பேச முடியாதுங்கிறது எனக்கு ரொம்ப சௌகரியம். வம்பை முதல்ல கொட்டிடறேன். அது ஆறிப்போனா ருசிக்காது.

போன முகூர்த்தத்துல நம்ம கொத்தமல்லியோட பொண்ணுக்குக் கல்யாணம். மகாமகக் குளத்துக்குப் பக்கத்து மண்டபம். ஹாஸ்டல் செட்டு முக்கால்வாசி வந்திருந்துச்சு, நீதான் இல்லை. பந்தியில எல்லாரும் ஒரே வரிசையில உட்கார்ந்தோம். இலைக்குத் தண்ணி தெளிச்சு முடிக்கலை, அதுக்குள்ள ‘நீ இப்ப என்ன பண்றே’ ஆரம்பிச்சாச்சு. ஒருத்தி மாடித் தோட்டம் போட்டிருக்காளாம், போனைத் திறந்து கத்தரிக்காய் கத்தரிக்காயாக் காட்டினா. இன்னொருத்தி இந்த வயசுல மாரத்தான் ஓடறாளாம். பாதி மாரத்தான்தான், ஆனா பேச்சு முழு மாரத்தான். ரேடியோ பத்திச் சொல்லவே வேண்டாம், அவ மகன், மருமகள், மருமகளோட தம்பி வரைக்கும் பதவி உயர்வு வாங்கியாச்சு.

கடைசியில நம்ம ஜெனரேட்டர்கிட்ட வந்துச்சு கேள்வி. அதான், அவ குறட்டைக்குப் பயந்து நாம ரெண்டு பேரும் மொட்டை மாடியில படுப்போமே, அவதான். வி.ஆர்.எஸ். வாங்கிட்டா. “ஒண்ணும் பண்ணலைடி. காலையில எந்திரிக்கிறேன், பேப்பர் படிக்கிறேன், மத்தியானம் படுத்துக்கிறேன்” அப்படின்னா. சொல்லிட்டு, பரிமாறுற பையனைக் கூப்பிட்டு அவியல் இன்னும் கொஞ்சம் கேட்டா.

அடடா, அந்த வரிசையைப் பார்த்திருக்கணுமே நீ! ஏதோ டாக்டர் கைவிட்டுட்டார்னு அவ சொன்ன மாதிரி ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. யோகா கிளாஸ் போயேன், டியூஷன் எடேன், ஊறுகாய் போட்டு வாட்ஸ்அப்ல வித்துப் பாரேன். அவ எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, பாயசத்தை இலையில ஊத்தச் சொல்லி வழிச்சுச் சாப்பிட்டா. எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையா இருந்துச்சுடி. கேள்வி கேட்ட யாருக்கும் அவ பதில் புரியலை. அவளுக்கு மட்டும் புரிஞ்சிருந்துச்சு.

சரி, உன் சங்கதி.

நீ அனுப்பின காலேஜ் படிவத்தோட போட்டோவைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தேன். இந்த வருஷம் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை: இல்லை. கலந்துக்கிட்ட கருத்தரங்கம்: இல்லை. வாங்கின ப்ராஜெக்ட்: இல்லை. வழிகாட்டின பிஎச்.டி.: நடக்குது. அந்த ஒரு ‘நடக்குது’வை மட்டும் எவ்வளவு அழுத்தி எழுதியிருக்கே! பேனா பேப்பரைத் துளைச்சிருக்கும். கீழே கையெழுத்து போடுற இடத்துல உன் பேரே உன் எழுத்து மாதிரி இல்லை. அன்னிக்கு ராத்திரிதானே போன் பண்ணி, “நான் ஒண்ணுக்கும் ஆகாதவளாயிட்டேன்”னே?

உன்னைச் சுத்தி இருக்கிறவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். ‘அம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க, நீ பார்த்துக்கிட்டே, அதைவிடப் பெரிய சாதனை என்ன இருக்கு’ன்னு. நான் அதைச் சொல்லப் போறதில்லை. நீ பார்த்துக்கிட்டது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு முதுகுல புண் வராம ராத்திரியெல்லாம் அலாரம் வெச்சுப் புரட்டிப் படுக்க வெச்சது தெரியும். ஆனா அதைக் கொண்டுபோய் ‘சாதனை’க் கட்டத்துல போட்டு நிரப்பினா, அம்மா போனதுக்கப்புறம் வந்த மாசங்களை என்ன பண்ணுவே? காலேஜ் விட்டு வந்து செருப்பைக் கூடக் கழட்டாம சோபாவுல சாஞ்சு, பழைய சீரியலை மறுபடி மறுபடி ஓடவிட்டுக்கிட்டு இருந்தேன்னு சொன்னியே, அந்த மாசங்களுக்கு எந்தக் கட்டம்? உன்னை உறுத்தறது அதுதானே? அம்மாவைப் பார்த்துக்கிட்ட நாளைப் பத்தி உனக்கு வெட்கமே கிடையாது. சும்மா கிடந்த நாளைப் பத்தித்தான் வெட்கம். அந்த நாள்லயும் நீ நீயாத்தான் இருந்தே. அதைத்தான் நான் சொல்ல வந்தேன். இதைச் சொல்ல நாலு பக்கம் ஆகும், பொறுத்துக்கோ.

உங்க இயற்பியல் ஆள் கதை ஒண்ணை உனக்கே சொல்றேன். 2013 அக்டோபர்ல, பீட்டர் ஹிக்ஸுக்கு நோபல் அறிவிச்ச அன்னிக்கு நீதான் எனக்குப் போன் பண்ணினே. அன்னிக்கு நீ போட்ட ஆட்டம்! அந்த மனுஷன்கிட்ட செல்போனே இல்லை, பத்திரிகைக்காரங்க தொல்லை வேண்டாம்னு சாப்பிட வெளியே போயிட்டார், திரும்பி வர்ற வழியில முன்னாடி பக்கத்து வீட்டுல இருந்த அம்மா ஒருத்தங்க காரை நிறுத்தி வாழ்த்து சொன்னப்பதான் அவருக்குத் தெரியும்னு சிரிச்சு சிரிச்சுச் சொன்னே. நான் பேங்க் கவுன்டர்ல இருந்தேன், க்யூல நின்ன பெரியவர் என்னை முறைச்சார்.

அந்தக் கதையோட இன்னொரு பாதியை நீ அன்னிக்குச் சொல்லலை. பிரிட்டிஷ் பேப்பர் கார்டியனுக்கு அந்த டிசம்பர்ல அவர் குடுத்த பேட்டியில இருக்கு. 1964ல அவர் எழுதினது ரெண்டு சின்னக் கட்டுரை. அதுல ஒண்ணை முதல்ல அனுப்பின பத்திரிகை வேண்டாம்னு திருப்பிடுச்சு. அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க அவர் போட்டது பத்துக்கும் குறைவாம்! எடின்பரோ பல்கலைக்கழகத்துல அவங்க துறையிலேர்ந்து, ‘சமீபத்துல வெளியிட்ட கட்டுரைகளோட பட்டியலைக் குடுங்க’ன்னு சுத்தறிக்கை வரும்போதெல்லாம், ‘எதுவும் இல்லை’ன்னு ஒரு வரி எழுதி அனுப்பிடுவாராம். உன் படிவமேதான்டி! பேனா பேப்பரைத் துளைச்சதா என்னங்கிறது மட்டும் பேட்டியில இல்லை. இன்னைக்கா இருந்தா எனக்கு எந்தக் காலேஜ்லயும் வேலை கிடைச்சிருக்காது, போதுமான அளவு உற்பத்தி இல்லாத ஆள்னு சொல்லியிருப்பாங்கன்னும் சொல்லியிருக்கார். துறைக்கே தர்மசங்கடமாயிட்டாராம்.

இரு, சந்தோஷப்படாதே. ‘பார்த்தியா, அவரும் இல்லைன்னு எழுதினார், அவருக்கே நோபல் கிடைச்சுது, உனக்கும் ஒரு நாள்...’ அப்படின்னு முடிக்க நான் இந்தக் கதையை எடுக்கலை. ஆறுதல் கதைங்களோட ரோதனையே இதுதான். எல்லாம் ஜெயிச்சுத்தான் முடியும். ராமானுஜன் எஃப்.ஏ. பரீட்சையில தோத்தார், ஆனா... ஃபெய்ன்மன் மனசு வெறுத்து உட்கார்ந்திருந்தார், கேன்டீன்ல எவனோ தட்டைச் சுழட்டிப் போட்டான், உடனே... உங்க ஸ்டாஃப் ரூம்ல வருஷா வருஷம் புதுசா வர்ற பசங்களுக்கு இதைத்தானே ஓதறீங்க? கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மார்க்கை வெச்சுத்தான் மனுஷன்ங்கிற கணக்கு அதுல மாறவே இல்லை. ரிசல்ட் தேதியைத்தான் தள்ளி வெச்சிருக்காங்க. ஹிக்ஸே என்ன சொன்னார் தெரியுமா? 1980ல நோபலுக்குத் தன் பேரை யாரோ பரிந்துரைச்சது மட்டும் இல்லேன்னா தன்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பாங்கன்னு. வந்தா லாபம், வராட்டி அப்புறம் பார்த்துக்கலாம்னு வெச்சிருந்தாங்களாம். அவர் சொன்ன துகள் 2012 ஜூலையில ஜெனீவாவுல அகப்படாமப் போயிருந்தா? அப்பவும் அதே கிழவர், அதே எடின்பரோ வீடு. என்ன குறைஞ்சிருக்கும் அவர்கிட்ட?

இதுக்கு எதிர்ப்பக்கம் ஒருத்தர் இருக்கார், அவரும் உங்க ஆள்தான். நீ குடுத்து நான் இன்னும் திருப்பித் தராம வெச்சிருக்கிற அந்தப் புத்தகம், வாலிங்கிறவர் எழுதின, வானியற்பியல்காரர் சந்திரசேகரோட வாழ்க்கை வரலாறு. கணக்கெல்லாம் தாண்டித் தாண்டிப் படிச்சேன், மிச்சமே மலைப்பா இருந்துச்சு. சென்னை மாநிலக் கல்லூரியில படிச்சுட்டுக் கப்பலேறின பையன், சாகிற வருஷம் 1995 வரைக்கும் நிறுத்தவே இல்லை. பத்து வருஷத்துக்கு ஒரு துறைன்னு எடுத்துக்குவாராம், அதுல தடியா ஒரு புத்தகம் எழுதி முடிச்சுட்டு அடுத்த துறைக்குத் தாவிடுவாராம். நடுவுல 19 வருஷம் ஒரு பெரிய பத்திரிகைக்கு ஆசிரியர் வேலை வேற. 1983ல நோபல். இவர்கிட்ட உன் படிவத்தைக் குடுத்திருந்தா பின்னாடி நூல் கோத்துப் பேப்பர் சேர்த்திருக்கணும். அப்பேர்ப்பட்டவர் கடைசியில வாலிகிட்ட, இத்தனை பண்ணியும் மனசு நிறையலைங்கிற மாதிரிப் பேசறார். அதைப் படிச்சுட்டு நான் புத்தகத்தை மூடிட்டு வாசல்ல போய் நின்னேன். கட்டம் காலியா இருக்கிறதாலதான் மனசு காலியா இருக்குன்னு நீ நினைக்கிறே. அப்ப இவருக்கு ஏன்?

உங்க படிப்பாளி உலகத்தை விடு, எங்க பேங்கைப் பாரு. மேனேஜர் ரூமுக்கு வெளியே ஒரு வெள்ளை போர்டு. எங்க எல்லாரோட பேரும் இருக்கும், எதிர்ல இன்ஷூரன்ஸ் எவ்வளவு, புதுக் கணக்கு எவ்வளவு, நகைக்கடன் எவ்வளவுன்னு. டார்கெட் முடிச்சா பச்சைக் காந்தம், முடிக்காட்டி சிவப்பு. மார்ச் வந்துட்டா அந்த போர்டைத் தாண்டி பாத்ரூம் போகக்கூட கூசும். ஒரு வருஷம் எங்க கேஷியர் பையன் மார்ச் 31 ராத்திரி கடைசிப் பாலிசியைப் பிடிச்சு முதல் இடத்துக்கு வந்துட்டான். கைதட்டினோம், கேக் வெட்டினோம், கேக் கிரீமை அவன் மூஞ்சியில பூசினாங்க. மறுநாள் பெருக்குற அம்மா வந்து அந்த போர்டை ஈரத்துணி போட்டுத் துடைச்சாங்க. ஏப்ரல் 1, எல்லாரும் பூஜ்யம். அவனும் பூஜ்யம், ஒண்ணுமே பிடிக்காத நானும் பூஜ்யம். அவன் அந்த போர்டையே பார்த்துக்கிட்டு நின்னான், பாவமா இருந்துச்சு. நான் அன்னிலேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தேன். போர்டு பேங்கோடது. அது சம்பளத்துக்கு, இன்க்ரிமென்ட்டுக்கு, டிரான்ஸ்ஃபருக்கு. அஞ்சு மணிக்கு மேல அதை ஹேண்ட்பேக்ல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வர்றதில்லை.

உனக்கு அது முடியலை, எனக்குத் தெரியும். 2010ல யு.ஜி.சி. காலேஜ் வாத்தியாருங்களுக்கு அந்த ஏ.பி.ஐ. மார்க்கைக் கொண்டுவந்துச்சே, அதுலேர்ந்துதான் நீ மாறினே. அதுக்கு முன்னாடி போன் பண்ணினா லேப்ல எவனோ ஃபியூஸைப் போக்கின கதை, எந்தப் பையன் எப்படி அசட்டுக் கேள்வி கேட்டான்ங்கிற கதை வரும். அப்புறம் பாயின்ட்டு, ஸ்கோபஸ்சு, ஹெச் இண்டெக்ஸ்சுன்னு ஆயிடுச்சு பேச்சு. இந்த ஹெச் இண்டெக்ஸ், ஒருத்தரோட பேப்பரை மத்தவங்க எவ்வளவு மேற்கோள் காட்டறாங்கங்கிறதை வெச்சு ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் 2005ல சொன்ன எண்ணு, அது ஏறத்தான் செய்யும், இறங்கவே இறங்காதுன்னு நீதான் சொன்னே. ஆள் செத்துப்போனாலும் ஏறுமாமே! அப்படின்னா அது எப்படிடி உயிரோட இருக்கிற உன்னை அளக்கும்? உங்க டிபார்ட்மென்ட் நாற்பது பேப்பர்க்காரர் காசு கட்டி, ரெண்டு வாரத்துல அச்சாகுற பத்திரிகையில போட்டதும், பிஎச்.டி. பசங்க எழுதினதுல எல்லாம் தன் பேரைச் சொருகினதும் அந்தப் படிவத்துல பளிச்னு நிக்கும். அவரைப் பார்த்து நீ ஏன் குமையறே? அவர் படிவத்தை ஜெயிச்சார், அவ்வளவுதான்.

படிவத்தைக் கிழிச்சுப் போடுன்னு நான் சொல்லலை. எனக்கும் மாசச் சம்பளம்தான். நிரப்பு, ‘இல்லை’ன்னு எழுது, கையெழுத்து போடு, குடுத்துட்டு வா.

இப்ப எங்க அத்தை கதை. இது வம்பு இல்லை, ஆனா சொல்லியே ஆகணும். எங்க மாமியாரை உனக்குத் தெரியும்ல? தெருவுக்கே வடாம் பிழிஞ்சவங்க. மாசி பங்குனியில எங்க மாடி பூரா வேட்டி விரிச்சு, அவங்க பிழிஞ்சுக்கிட்டே போக, நான் காக்கா விரட்டுவேன். முட்டி போயிடுச்சு இப்ப, மாடி ஏற முடியலை. உட்கார்ந்த இடத்துல சின்ன வெங்காயம் உரிச்சுத் தர்றேன்னு வாங்கிக்குவாங்க. விரல் மடங்காது, ஒரு வெங்காயத்தைத் தோல் பிரிச்சு முடிக்கறதுக்குள்ள கண்ணுல தண்ணி தாரையா ஊத்தும். போன வாரம் காலையில நாலு இட்லி வெச்சேன். ரெண்டைத் தட்டுலேர்ந்து எடுத்து ஹாட்பாக்ஸ்ல திருப்பிப் போட்டுட்டாங்க. “நான் என்ன வேலையா செய்றேன், எனக்கு எதுக்கு நாலு?” பசியில்லாம இல்லைடி. அவங்க பார்வை ஹாட்பாக்ஸ் மேலேயே இருந்துச்சு. செஞ்ச வேலைக்கும் திங்கிற இட்லிக்கும் மனசுக்குள்ள கணக்குப் போட்டு, தனக்குத் தானே குறைச்சுக்கிறாங்க.

அதே நேரம் எதிர் நாற்காலியில உட்கார்ந்து ஆறாவது இட்லிக்குச் சட்னி கேட்டுக்கிட்டிருந்தார் அவங்க பெத்த பிள்ளை, கல்யாணமானதுலேர்ந்து ஒரு டம்ளர் கழுவினதில்லை. 2024ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்குல, வீட்டு வேலை செய்யுற பொம்பளைங்க நாளுக்கு 289 நிமிஷம் செய்றாங்க, கை வெக்கிற ஆம்பளைங்க 88 நிமிஷம்னு போட்டிருந்துச்சு. எங்க வீட்டு ஆள் அந்தக் கணக்குக்குள்ளேயே வரமாட்டார். அவருக்கு இட்லி இறங்குது, அந்த அம்மாவுக்கு இறங்கலை. யார் சொல்லிக் குடுத்தாங்க இதை? சின்ன வயசுலேர்ந்து நமக்கு ஊட்டின சோத்தோட இதையும் சேர்த்து உருட்டி ஊட்டியிருக்காங்க. நான் அந்த ரெண்டு இட்லியையும் திரும்ப எடுத்து அவங்க தட்டுல வெச்சு, “நீங்க திங்கலேன்னா உங்க பிள்ளை திம்பார்”னேன். சிரிச்சுட்டுச் சாப்பிட்டாங்க.

உன் படிவத்தைப் பார்த்தப்ப எனக்கு அந்த ஹாட்பாக்ஸ்தான் ஞாபகம் வந்துச்சு. அம்மா போனதுலேர்ந்து நீ ஒரு புடவை எடுக்கலை, ஒரு சினிமா போகலை, தீபாவளிக்குக் கூப்பிட்டதுக்கும் வரலை. ‘ஒரு பேப்பராவது அனுப்பிட்டு வர்றேன்’னே. பேப்பர் அனுப்பினாத்தான் என் வீட்டுல உனக்குச் சாப்பாடுன்னு நான் எப்பச் சொன்னேன்?

ஒண்ணு ஒத்துக்கறேன். உனக்கு அந்த வேலை பிடிக்கும். ராத்திரி லேப்ல உட்கார்ந்து கிராஃப் சரியா வந்துட்டா மறுநாள் பூரா நீ பாடிக்கிட்டே திரிவே. அது இல்லாதது வலிக்கத்தான் செய்யும், அந்த வலி நியாயம். எழுதணும்னு பசிச்சா எழுது. ஆனா ‘எழுதலையே, அதனால நான் ஒண்ணுமில்லை’ங்கிறது பசி இல்லை. அது அவமானம். அவமானத்துல உட்கார்ந்து எழுதினா நாற்பது பேப்பர் வரும், அவ்வளவுதான். ரெண்டுல எதுன்னு உனக்கே உள்ளே தெரியும், என்னைக் கேட்காதே.

நீயே சொல்லு. ஹாஸ்டல்ல இருந்தப்ப என் முறுக்கு டப்பாவைக் காலி பண்ணினே, என் சைக்கிளைக் கொண்டுபோய்க் காவிரிக்கரையில மறந்துட்டு வந்தே, என் புள்ளியியல் பரீட்சைக்கு முந்தின ராத்திரி விடிய விடியப் பேய்க்கதை சொன்னே. எனக்கு உன்னால ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. இத்தனை வருஷத்துல உன் பேப்பர்ல ஒரு வரி எனக்குப் புரிஞ்சதில்லை. அப்படியும் ராத்திரி பதினோரு மணிக்கு உன் போன் வந்தா அடுப்பை அணைச்சுட்டு ஓடி வர்றேன். ஜெனரேட்டர் பந்தியில உன்னைக் கேட்டா, ரேடியோ உன்னைக் கேட்டா. எவளும் உன் ஹெச் இண்டெக்ஸ் என்னன்னு கேட்கலை. ‘இன்னும் அப்படியே சிரிக்கிறாளா’ன்னுதான் கேட்டாளுங்க. நான் பொய் சொல்லிட்டு வந்தேன்.

சரி, அடுத்த வாரம் ரெண்டு நாள் சேர்ந்தாப்பல லீவு வருது. கோவையிலேர்ந்து காலையில ஜன் சதாப்தியில ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே இருக்கலாம். லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தே, ஸ்டேஷன்லேயே திருப்பி அனுப்பிடுவேன். ஜெனரேட்டரையும் வரச் சொல்றேன். ராத்திரி தூக்கம் போகும், பரவாயில்லை, மத்தியானம் தூங்கிக்கலாம், அவ கத்துக்குடுப்பா.

அதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கி இருக்கு. நாற்பது பேப்பர்க்காரருக்கும் உங்க புது பிரின்சிபாலுக்கும் ஏதோ முட்டிக்கிச்சுன்னு ஆரம்பிச்சே, அழுகையில பாதியில விட்டுட்டே. மீதியை உடனே எழுது. யார் முதல்ல குரலை உசத்தினது, ரூம் கதவு திறந்திருந்துச்சா, வராண்டாவுல யார் யார் நின்னு கேட்டாங்க, எல்லாம் வேணும். ஒண்ணையும் விடாதே.

உன்,
முறுக்கு டப்பாக்காரி